வித்துக்குள் மாறும் எண்ணெய்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு பலகாரக் கடைக்கு முன்னால் காலையில் போய் நின்று பாருங்கள். அப்போதுதான் ஊற்றிய எண்ணெய், சட்டியின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். முதல் ஈடு பருப்பு வடை இறங்கும். அடுத்து உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜி, மறுபடி வடை. பத்து மணிக்கு அதே எண்ணெய் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். மதியம் நெருங்கும்போது டிகாக்‌ஷன் நிறம். சட்டி விளிம்பில் விரலில் ஒட்டும் பிசுக்கு படியும். நுரை சட்டென்று அடங்காது. வடை போடுகிற அண்ணன் ஜல்லிக்கரண்டியைத் தூக்கி, எண்ணெய் வழிகிற வேகத்தை ஒரு பார்வை பார்ப்பார். "இது போதும், மாத்திடுவோம்" என்பார்.

அவர் கண்ணில் பட்டதை வேதியியல் இப்படிச் சொல்கிறது. எந்த எண்ணெயானாலும் கிளிசரால் என்ற சிறு தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கரியணுக்களின் சங்கிலி. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு அதுதான். ஒரு பிணைப்பு இருந்தால் ஒலேயிக் அமிலம். ஆலிவ் எண்ணெயில் மிகுதி, கடலை எண்ணெயில் பாதிக்குப் பாதி. இரண்டு இருந்தால் லினோலேயிக். சூரியகாந்தியிலும் சோயாவிலும் நிறைய. மூன்று இருந்தால் லினோலெனிக். சோயாவிலும் கனோலாவிலும் கொஞ்சம். சூடும் காற்றும் சேரும்போது ஆக்சிஜன் எளிதில் புகும் இடம், இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவிலுள்ள பகுதி. ஒலேயிக்கைவிட லினோலேயிக் ஏறத்தாழப் பத்து மடங்கு வேகத்தில் கெடும். லினோலெனிக் அதைவிட வேகம். பிசுக்கும் சிக்கு வாடையும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

செடி தன் விதைக்குள் முதலில் ஒலேயிக்கைச் செய்துகொள்கிறது. பிறகு எஃப்.ஏ.டி.2 என்ற நொதியைக் கொண்டு இரண்டாவது பிணைப்பைப் போடுகிறது. இந்த நொதிக்கான மரபணுவை, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 1994இல் அடையாளம் கண்டார்கள். அதை அடக்கிவிட்டால் எண்ணெய் ஒலேயிக்கோடு நின்றுவிடும். எண்ணெய் வித்துகளை மாற்றியமைக்க உலகெங்கும் நடந்த வேலைகளில் முக்கியமான பல, இந்த ஒரே மரபணுவைச் சுற்றியே நடந்திருக்கின்றன. சிங்கப்பூரில் நடந்த பெரிய வேலையும் அதுவே. அது வடைச்சட்டிக்காக நடந்ததல்ல, டீசல் இயந்திரத்துக்காக. அதைச் சொல்வதற்கு முன் டால்டாவைச் சொல்லியாக வேண்டும்.

மரத்தின் படம் போட்ட அந்த மஞ்சள் டப்பாவை நம் அம்மாக்கள் தலைமுறை மறந்திருக்காது. காலியானதும் துளசிச் செடி வைக்கப் பயன்பட்ட டப்பா. 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா, நெய்யின் இடத்தைப் பிடித்தது. திரவ எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்தி இரட்டைப் பிணைப்புகளைக் குறைத்தால் அது கெட்டியாகும், நாள்பட இருக்கும், பலகாரம் மொறுமொறுப்பாக வரும். ஆனால் அந்த வேலையை அரைகுறையாகச் செய்யும்போது மிச்சமிருக்கும் பிணைப்புகளில் ஒரு பகுதி நிமிர்ந்து டிரான்ஸ் கொழுப்பாகிவிடுகிறது. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதைக் குறைக்கும் கொழுப்பு அது. நம் சமூகத்தில் நெஞ்சுவலியால் ஆள் சாயாத குடும்பம் குறைவு. அதனால் இந்த விஷயத்தை நான் சாதாரணமாக எழுத முடியாது.

சிங்கப்பூர் முதலில் சமையல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் 100 கிராமுக்கு 2 கிராம் என்று டிரான்ஸ் கொழுப்புக்கு வரம்பு கட்டியது. 2021 ஜூனில் அதன் ஊற்றுக்கண்ணான, பகுதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெயையே தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் நீண்ட நேரம் சூட்டைத் தாங்கும் எண்ணெய் வேண்டும் என்ற தேவை அப்படியேதான் இருக்கிறது. உலகெங்கும் அந்த இடத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது பாமாயில், அதாவது நம் வட்டாரத் தமிழில் செம்பனை எண்ணெய். அதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆலையில் செய்த மாற்றம் கேடாக முடிந்ததென்றால், அந்த மாற்றத்தை விதைக்குள்ளேயே செய்தால் என்ன? இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு திசைகளிலிருந்து பதில் வந்தது.

ஒரே மாற்றம், பல பாதைகள்

சோவியத் விஞ்ஞானி சொல்தாத்தோவ், சூரியகாந்தி விதைகளை டைமெத்தில் சல்பேட் என்ற வேதிப்பொருளால் பாதித்து, அவற்றின் சந்ததியிலிருந்து ஒலேயிக் மிகுந்த 'பெர்வெனெட்ஸ்' என்ற ரகத்தை 1976இல் அறிவித்தார். மரபணு எது என்றே தெரியாமல் செய்த வேலை. இன்று கடைகளில் 'ஹை ஒலேயிக்' என்று எழுதி விற்கும் சூரியகாந்தி எண்ணெய் அந்த வழியில் வந்தது.

நிலக்கடலைக்கு அந்தச் சிரமம்கூட வேண்டியிருக்கவில்லை. ஒலேயிக் 80 விழுக்காட்டைத் தொடும் ஒரு கடலை வகையை அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1987இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். எஃப்.ஏ.டி.2 மரபணுவின் இரண்டு நகல்களும் இயற்கையிலேயே பழுதான செடி அது. அந்தப் பண்பை இந்திய நிலத்துக்கேற்ற கடலையோடு கலப்பினம் செய்து, மரபணுக் குறியீட்டை நாற்றிலேயே சோதித்துப் பொறுக்கி எடுத்தவர்கள் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தினர். ஜனிலா பசுபுலேட்டி தலைமையில் நடந்த அந்த முயற்சியில், ஜூனாகட்டில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி இயக்ககத்தோடு சேர்ந்து கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்கள் 2020இல் வெளியாயின. வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் அதில் இல்லை. பொதுத்துறையின் விதை. உழவர் அடுத்த போகத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெய் விரும்பும் தமிழ் வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்பது என் கருத்து.

சோயா வேறு பாதையில் போனது. டூபாண்ட் நிறுவனம் மரபணு மாற்றத்தால் அந்த மரபணுவை அடக்கிய 'பிளெனிஷ்' சோயாவுக்கு 2010இல் அமெரிக்கா பயிரிட இசைவு தந்தது. 2019இல் மினசோட்டாவைச் சேர்ந்த கேலிக்ஸ்ட் நிறுவனம், மரபணுவைத் திருத்தி மட்டும் உண்டாக்கிய சோயா எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருத்தப்பட்ட மரபணுவிலிருந்து வந்து அமெரிக்கச் சந்தையை எட்டிய முதல் உணவுப்பொருள் அதுதான். முதலில் வாங்கியது ஓர் உணவக நிறுவனம். பயன்பட்ட இடங்களில் ஒன்று பொரிக்கும் சட்டி.

வேதிப்பொருளால் பாதித்தது, இயற்கையில் தானே பழுதானது, புகுத்திய மரபணுத் துண்டால் அடக்கியது, வெட்டித் திருத்தியது என்று வழி எதுவானாலும் சட்டிக்குள் நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். சட்டமும் சந்தையும் மக்கள் மனமும் இவற்றை நான்கு விதமாகப் பார்க்கின்றன. முதலாவதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. மூன்றாவதற்கு ஆண்டுக்கணக்கில் கோப்பு ஓடுகிறது.

கென்ட் ரிட்ஜுக்கு வந்த காட்டாமணக்கு

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் காட்டாமணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்கால் ஓரத்திலும் வேலியிலும் நிற்கும். ஆடு மாடு வாய் வைக்காது. இலைக்காம்பை ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். அதை ஒரு வளையத்தில் ஏந்தி மெல்ல ஊதினால் வானவில் நிறத்தோடு குமிழி பறக்கும். சோப்புத் தண்ணீர் வாங்கித் தர ஆளில்லாத பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு. அதே செடியின் கொட்டையைத் தின்றுவிட்டு வாந்தி பேதியோடு பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தியும் அவ்வப்போது வரும். விதையில் எடைக்கு 30 முதல் 40 விழுக்காடு எண்ணெய் உண்டு. ஆனால் ஃபோர்பால் எஸ்டர் என்ற நஞ்சும் கூடவே இருப்பதால் மனிதர் வாய்க்கு ஆகாது.

மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து நம் வேலியில் குடியேறிய இந்தச் செடிக்கு உறவு பெரிது. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் எல்லாம் ஒரே குடும்பம். ரப்பர் நாற்று 1877இல் சிங்கப்பூருக்கு வந்தது. மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி வகுத்தார். அந்த முறையைக் கையில் உளியோடு தோட்டம் தோட்டமாகச் செய்து காட்டியவர்கள் நம் முன்னோர். ஜப்பானியர் காலத்தில் பசியாற்றியது மரவள்ளிக் கிழங்கு. மலாயாத் தமிழரின் கதையில் பாதியை இந்த ஒரு தாவரக் குடும்பமே எழுதியிருக்கிறது.

எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்த 2000களில் உலகத்தின் பார்வை காட்டாமணக்குமேல் விழுந்தது. உண்ணாத எண்ணெய், தரிசில் வளரும் செடி, டீசலுக்கு மாற்று என்று கணக்குப் போட்டார்கள். கென்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2002இல் தொடங்கிய தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடம் இதைக் கையில் எடுத்தது. அதன் முயற்சியில் 2008இல் ஜேஆயில் என்ற நிறுவனம் உருவானது. இந்தியாவின் டாடா கெமிக்கல்ஸ் அதில் பங்கு எடுத்தது.

ஆய்வுக்கூடத்தின் பின்னணியில் நின்றவர் சுவா நாம் ஹாய். சிங்கப்பூரில் பிறந்து நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். செடிகளில் புதிய மரபணுவை இயக்க உலகமே பயன்படுத்தும் '35எஸ்' என்ற இயக்கித் துண்டை 1985இல் ஆராய்ந்து வெளியிட்ட மூவரில் ஒருவர். தொழில்நுட்பத்தின் அடிக்கல்லையே போட்ட ஒருவர் நம் ஊரிலிருந்து போனவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெமாசெக் ஆய்வுக்கூடத்தில் யே ஜியான் உள்ளிட்ட குழு 2012இல் வெளியிட்ட முடிவு இதுதான். காட்டாமணக்கின் எஃப்.ஏ.டி.2 மரபணுவை விதையில் மட்டும் அடக்கினார்கள். இலைக்கும் வேருக்கும் அந்த நொதி வேண்டும். அங்கே கை வைத்தால் செடி நலியும். விதைக்குள் மட்டும் விழித்துக்கொள்ளும் இயக்கியைச் சோயாவிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். சாதாரணக் காட்டாமணக்கு எண்ணெயில் 37 விழுக்காட்டை ஒட்டியிருந்த ஒலேயிக் அமிலம் 78 விழுக்காட்டைத் தாண்டியது. பல பிணைப்புள்ள அமிலங்கள் 41 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கின. சட்டியில் கெடாத எண்ணெய்க்கு எது குணமோ, தொட்டியில் கெடாத டீசலுக்கும் அதுவே குணம்.

இந்த வேலையில் என் மனத்தை இன்னும் ஈர்த்தது வேறொரு செயல். மரபணு மாறிய செல்லை அடையாளம் காண, நுண்ணுயிர்க்கொல்லியைத் தாங்கும் ஒரு மரபணுவைக் கூடவே சேர்ப்பது வழக்கம். எதிர்ப்பாளர்கள் முதலில் கேட்கும் கேள்வியும் அதைப் பற்றியதுதான். சுவாவின் குழு 2001இல் வகுத்த முறையின்படி, வேலை முடிந்ததும் அந்த அடையாள மரபணுவைச் செடியிலிருந்து வெட்டி நீக்கினார்கள். மக்கள் அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்த அறிவியல் அது. 2014இல் சுவாவின் குழு இன்னொரு மரபணுவை அடக்கி, சேர்த்த எண்ணெயைச் செடி தானே கரைத்துவிடாமல் காத்து, விதையின் எண்ணெய் அளவையும் 13 முதல் 30 விழுக்காடு வரை கூட்டியது. ஜேஆயிலின் மரபணு மாற்றிய செடிகளைத் திறந்த வெளியில் வளர்த்துப் பார்க்க, 1999இல் அமைந்த மரபணு மாற்ற ஆலோசனைக் குழு இசைவு தந்தது. இடம் புலாவ் செமாக்காவ். நம் வீட்டுக் குப்பை எரிந்த சாம்பல் போய்ச் சேரும் அதே தீவு.

அறிவியல் வென்றது. பயிர் வெல்லவில்லை. தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். இந்திய அரசு 2003இல் உயிரி டீசல் திட்டத்தை அறிவித்த பிறகு, மாநிலத்தில் காட்டாமணக்கு நடவுக்குப் பெரும் ஊக்கம் தரப்பட்டது. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உழவர்களைச் சந்தித்து ஆராய்ந்த அரிஸா மொன்டோபியோ, சரத்சந்திர லெலே இருவரும் 2010இல் எழுதியது கசப்பானது. வாக்களித்த விளைச்சல் கிடைக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சாமல் காய்ப்பு இல்லை. தரிசில் வளரும் என்ற செடி, உணவுப் பயிர் நின்ற நிலத்தைத் தின்றது. வசதி குறைந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் எம். பரணியின் குழு, வளரும் காட்டாமணக்கு விதையில் இயங்கும் மரபணுக்களைப் பட்டியலிட்டு அதே 2010இல் வெளியிட்டது. ஒரே ஆண்டில் அறிவு ஒருபக்கம் சேர்ந்தது, வயலில் நம்பிக்கை மறுபக்கம் உதிர்ந்தது. நெல்லும் எள்ளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் கையில் பழகியவை. காட்டாமணக்கு இன்னும் காட்டுச் செடி. எண்ணெயின் குணத்தை ஒரு மரபணுவால் திருப்பலாம். ஒரு மரம் எத்தனை காய் காய்க்கும் என்பதை அப்படித் திருப்ப முடியாது. வயலில் காய்ப்பைக் காட்டும் முன்பே உழவரிடம் நாற்றைக் கொடுத்தது பெரிய தவறு என்றே சொல்வேன்.

செம்பனையின் ஓடு

நம் சட்டிகளில் உண்மையில் கொதிப்பது காட்டாமணக்கு அல்லவே. செம்பனைக்கு வருவோம். 1870களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம் வழியாக அழகுமரமாக மலாயாவுக்குப் போன மரம் அது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதல் வணிகத் தோட்டமாக நடப்பட்டது. இன்றுவரை மரபணு மாற்றிய செம்பனை எங்கும் விற்பனைக்கு வரவில்லை. ஒலேயிக்கைக் கூட்ட மலேசியச் செம்பனை வாரியம் நெடுங்காலமாக முயன்றாலும், திசு வளர்ப்பிலிருந்து காய் பார்க்க ஆண்டுகள் பல ஆகும் மரத்தில் அது எளிதல்ல.

அந்த வாரியத்தில் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் ராஜிந்தர் சிங்கும் முன்னின்ற குழு 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது வேறு வகைச் சாதனை. காயின் ஓடு தடிப்பா, மெலிதா, ஓடே இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மெல்லோடு உள்ள மரம், தடித்த ஓடுள்ளதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். முன்பெல்லாம் எது எந்த வகை என்று தெரிய மரம் காய்க்கும்வரை, ஆறு ஆண்டுகள்கூட, காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலில் ஓர் இலைத் துணுக்குப் போதும். மரபணுவை மாற்றவே இல்லை, படித்தார்கள், அவ்வளவுதான். அதே நிலத்தில் கூடுதல் எண்ணெய் என்றால் காட்டை அழிக்க ஒரு காரணம் குறைகிறது. புகைமூட்டத்தில் பிள்ளைகளுக்கு முகக்கவசம் மாட்டிய ஊருக்கு இதன் மதிப்பு தெரியும்.

தென்னைக்கும் ஒரு காலத்தில் போட்டி வந்தது. அமெரிக்காவின் கேல்ஜீன் நிறுவனம், கலிஃபோர்னிய பே லாரல் மரத்திலிருந்து ஒரு மரபணுவைக் கனோலாவில் ஏற்றி, தேங்காய் எண்ணெய்க்கே உரிய லாரிக் அமிலத்தை அதில் விளையவைத்தது. 1995இல் அறுவடையும் ஆனது. சோப்புத் தொழில் தென்னையைக் கைவிட்டுவிடுமோ என்ற கவலை எழுந்தது. விலையில் அது நிற்கவில்லை, சந்தையிலிருந்து மறைந்தது. தென்னைக்குப் பெயர்போன பொள்ளாச்சி தப்பித்தது என்று நிம்மதி அடையலாம். ஆனால் இன்னொரு முறை அப்படித் தப்பிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா 2018இல் இசைவு தந்த கனோலாவில், கடல் நுண்பாசியிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் எடுத்த ஏழு மரபணுக்கள் சேர்ந்து, மீனில் மட்டும் கிடைக்கும் என்று நாம் நம்பிய ஒமேகா-3 கொழுப்பை நிலத்தில் விளைவிக்கின்றன. வளர்ப்பு மீனின் தீவனத்துக்காகக் கடலில் சிறுமீனை அள்ளுவது இதனால் குறையுமானால், நான் அதை வரவேற்பேன்.

புட்டியின் பின்பக்கம்

பஃப்ளோ சாலைக் கடை ஒன்றில் எண்ணெய் அலமாரிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று ஒவ்வொரு புட்டியாகத் திருப்பிப் படித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த மரச்செக்கு நல்லெண்ணெய் புட்டியில் எள்ளின் படம் பெரிதாக இருந்தது. கலப்பு எண்ணெய் ஒன்றில் சிறிய எழுத்தில் சோயா, கனோலா, சூரியகாந்தி என்று மூன்று பெயர். அந்தச் சோயா எந்த ரகம், அதன் எஃப்.ஏ.டி.2 விழித்திருக்கிறதா, அடக்கப்பட்டதா என்று சொல்லும் ஒரு வரியும் இல்லை.

மரபணு மாற்றுப் பயிரிலிருந்து வரும் உணவு இங்கே விற்பனைக்கு வருமுன் பாதுகாப்பு மதிப்பீட்டில் தேற வேண்டும். அதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கவனிக்கிறது. ஆனால் மரபணு மாற்றியது என்று லேபிளில் குறிப்பிட வேண்டும் என்ற தனி விதி இல்லை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் ஏறக்குறைய மிச்சமே இருப்பதில்லை என்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் அதை அறிந்தே, மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்தது என்று இத்தகைய எண்ணெயிலும் எழுதச் சொல்கிறது. நான் ஐரோப்பியர் பக்கம். அந்த எண்ணெய் நஞ்சு என்று நினைப்பதால் அப்படிச் சொல்லவில்லை. இதுவரை படித்ததில் அப்படி நினைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. யாருடைய விதை, யார் கையில் காப்புரிமை, எந்த உழவருக்கு அதில் பங்கு என்று கேட்பதற்கு, வாங்குகிறவருக்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். கிர்னார் கடலையை விரும்பி வாங்க நினைக்கும் ஒருவருக்கும் அந்த வரி இல்லாமல் வழியில்லை.

சமையல் எண்ணெய்க்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை 2027 நடுப்பகுதியில் நடப்புக்கு வரும் என்று சுகாதார அமைச்சு 2024 ஆகஸ்டில் அறிவித்தது. நிறைவுற்ற கொழுப்பின் அளவை வைத்துத் தரம் பிரிப்பார்கள். புட்டியின் லேபிளை மறுபடி அச்சடிக்க எப்படியும் வேண்டியிருக்கும். அப்போதே ஒலேயிக் அளவுக்கு ஒரு வரி, வித்தின் வகைக்கு ஒரு வரி சேர்க்கும்படி வாசகர்கள் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு எழுதுங்கள். தமிழிலும் எழுதலாம்.